நாய்க்கு எடுத்த அளவு

அரியலூர்க் கடைத்தெருவில் என்னை நாய்த் தையற்காரன் என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லட்டும். நாய்க்குத் தைத்தது உண்மை. அளவைத் தப்பாக எடுத்ததும் உண்மை. அந்தத் தப்பால் என்ன நடக்க இருந்தது என்பது அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் மாற்றித்தான் சொல்கிறார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

யுத்த காலம். துணிக்குக் கண்ட்ரோல் வந்திருந்தது, சர்க்கார் அளந்து கொடுத்தால்தான் துணி. நான் ஏலாக்குறிச்சிப் பக்கத்துக்காரன். அங்கே மாதா கோயில் சாமியார்களுக்கு அங்கி தைத்துத் தொழில் பழகியவன். அரியலூருக்கு வந்து ஒரு ஜவுளிக்கடை வாசலில் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஜவுளிக்கடையிலேயே ஜவுளி இல்லை என்றால் வாசலில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன வேலை இருக்கும்? கிழிசல் தைப்பேன். சட்டைக் காலரைப் பிரித்து, தேய்ந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பிப் போடுவேன். அப்பன் வேட்டியில் பிள்ளைக்கு நிஜார், அம்மா சேலையில் பெண்ணுக்குப் பாவாடை. புதுத் துணியைக் கத்தரிக்கோலால் வெட்டி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அப்படி இருந்தபோது ஒரு நாள் காலை ரயில்வே பங்களாவின் பட்லர் வந்து நின்றான். ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இருந்த அந்தப் பங்களாவில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் குடியிருந்தார். தண்டவாளமும் பாலமும் அவர் பொறுப்பு. எல்லோருக்கும் அவர் துரை. துரைசானி வெயிலுக்குப் பயந்து மலைக்குப் போயிருந்தாள்.

"டெய்லரே, டேப்ப எடுத்துக்கிட்டு வா. தொரை கூப்புடுறாரு."

"எதுக்கு? திரை தைக்கணுமா?"

"அளவு எடுக்கணும். வந்து பாரு. உன் ஆயுசுல இந்த மாதிரி ஆளுக்கு அளந்திருக்க மாட்ட."

துரைக்கு உடுப்பு என்று நினைத்துக்கொண்டு நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

பின்கட்டு வராந்தாவில் ஒரு மரப்பெட்டி இருந்தது. ரயிலில் சாமான் வரும் பெட்டி. அதில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் கம்பளி போட்டு, அந்தக் கம்பளி மேல் நாய் படுத்திருந்தது. கம்பளியைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது.

அந்த நாயை ஊரில் எல்லோருக்கும் தெரியும். சிவப்பு நிறம், தொங்கும் காது, நீள மூக்கு. தோள்வரை உயரம் ஒரு சாண்கூட வராது. கழுத்திலிருந்து வால் முளைக்கும் இடம்வரை இரண்டு சாண். கடைத்தெருவில் அதைப் பெஞ்சு என்பார்கள். தச்சன் தூக்கக் கலக்கத்தில் செய்தது என்பார்கள். துரைசானி அதை எங்கிருந்தோ குட்டியாக ரயிலில் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஆயா உட்கார்ந்திருந்தாள். அரும்பாவூர்ப் பக்கத்து விதவை. நாற்பத்தைந்து வயது இருக்கும். துரையின் பிள்ளைகளை வளர்க்க வந்தவள். பிள்ளைகள் மலைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நாய்தான்.

பெரம்பலூர் மாட்டாஸ்பத்திரி டாக்டரும் வந்திருந்தார். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின காலம் அது. அந்தக் கரி பஸ்ஸில் வந்த டாக்டரின் வெள்ளைச் சட்டை முதுகு முழுக்கச் சாம்பல் படிந்திருந்தது. அவரைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது, அளவு யாருக்கு என்று.

நடந்தது இதுதான். மூன்று நாளைக்கு முன் நாய் நாற்காலியிலிருந்து அணிலைப் பார்த்துத் தாவியிருக்கிறது. கீழே விழுந்ததும் ஒரு கத்தல். மறுநாள் முதுகைக் கூனிக்கொண்டு நின்றது. அதற்கு மறுநாள் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிட்டன. முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு ஆயாவிடம் வந்திருக்கிறது. தோட்டக்காரன், மாட்டுக்குப் போடுவதுபோல் இடுப்பில் சூடு போட்டால் எழுந்துவிடும் என்றான். பட்லர், இடுப்புப் பிடிப்புக்கு மிதிப்பதுபோல் தலைக்கு முன் கால் வெளியே வந்து பிறந்த ஆள் ஒருவனைக் கூட்டிவந்து மிதிக்கச் சொல்லலாம் என்றான். துரை இரண்டு பேரையும் விரட்டிவிட்டுப் பெரம்பலூருக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

டாக்டர் என்னிடம் விளக்கம் சொன்னார். தைப்பவனுக்குக் காரணம் தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நல்ல மனுஷன்.

"இங்க பாருப்பா. முதுகெலும்பு கணுக்கணுவா இருக்குல்ல? ஒவ்வொரு கணுவுக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு வட்டு இருக்கு. நமக்கெல்லாம் கெழடு தட்டினாத்தான் அது காயும். இந்தச் சாதி நாய்க்குச் சின்ன வயசுலயே காஞ்சு சுண்ணாம்பா போயிடுது. குதிச்சா பிதுங்கிக்கிட்டு வெளிய வந்து நரம்ப அமுக்கும். அதான் பின்னங்கால் போச்சு."

"மருந்து இல்லீங்களா?"

"மருந்து என்ன மருந்து. ஆறு வாரம் பெட்டிய வுட்டு எறங்கக் கூடாது. முதுகு அசையக் கூடாது. அதுக்குத்தான் நீ கச்சை தைக்கணும். ரெண்டு பக்கமும் மூங்கில் பத்தை வச்சு, முதுகோட சேத்து இறுக்கமா புடிக்கணும். பிதுங்கினது தானா வத்தினா நரம்பு பொழைக்கும். இல்லன்னா இல்ல."

துரை தன் மனைவியின் பழைய பிளானல் கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்து என் கையில் போட்டார். "இதை வெட்டு" என்றார். கூலிக்காரர்களோடு பேசிப் பழகிய தமிழ் அவருக்கு வரும்.

நான் மண்டிபோட்டு நாய்க்கு அளவு எடுத்தேன். அன்றைக்கு என் மனம் எப்படி இருந்தது என்று மறைக்க மாட்டேன். முந்தின வாரம்தான் ஒரு கர்ப்பிணிப் பெண் கோணிச்சாக்கை உள்ளே கட்டிக்கொண்டு மேலே கிழிசல் சேலையைச் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்து, ஒட்டுப்போடத் துண்டுத் துணி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள். இங்கே நாய்க்குப் பிளானல். தட்டில் பாலும் முட்டையும். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. ஆனாலும் கை தன் வேலையைச் செய்தது. டேப்பைச் சுற்றி, அடியில் ஒரு விரல் கொடுத்து, எப்போதும் அளப்பதுபோல் அளந்தேன். கழுத்து பன்னிரண்டே கால். மார்பு பதினெட்டரை. தொடை ஒன்பதரை. நீளம் பதினேழு. தோள் உயரம் எட்டரை. நான் சொல்லச் சொல்ல துரை தன் நோட்டில் எழுதிக்கொண்டார். நானும் என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

தொடை அளவைக் கேட்டதும் டாக்டர் திரும்பினார்.

"அத மட்டும் பத்திரமா வச்சுக்குங்க சார். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி அளங்க. நரம்பு செத்துப்போச்சுன்னா தொடைச் சதை மளமளன்னு வத்திடும். கால் இஞ்சுக்குள்ள கொறஞ்சா பொறுத்திருக்கலாம். அதுக்கு மேல போச்சுன்னா..."

மீதியை இங்கிலீஷில் சொன்னார். துரை தலையை ஆட்டினார். வெளியே வரும்போது பட்லர் என்னிடம் சொன்னான்.

"கொறஞ்சா சுட்டுடுவாரு. துரைசானி வந்து இந்தக் கோலத்துல பாக்கக் கூடாதாம்."

கச்சையை இரண்டு நாளில் தைத்துக் கொடுத்தேன். ஆயாதான் அதைக் கட்டி அவிழ்த்தாள். நாய்க்குத் தானாக மூத்திரம் போகாது. ஒரு நாளைக்கு நாலு தடவை அதன் அடிவயிற்றைக் கையால் மெல்ல அமுக்கி மூத்திரத்தை எடுப்பாள். பிறகு துடைத்து, பவுடர் போட்டு, புரட்டிப் படுக்கவைப்பாள். பின்னங்கால்களை வெந்நீர்த் துணியால் ஒற்றுவாள். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு செய்வார்களா என்று பட்லர் கேலி பேசுவான். "உனக்குக் காலு போனா நான் செய்ய மாட்டேன், பயப்படாத" என்பாள்.

இரண்டு வாரம் கழித்துச் சனிக்கிழமை துரை கூப்பிட்டனுப்பினார். நான் பின்பக்கமாகப் போனேன். சமையல்கட்டு வாசலில் ஆயா என்னை மறித்தாள்.

"தையக்காரரே, ஒரு வார்த்த."

"சொல்லுங்க ஆயாம்மா."

"அது பொழச்சுக்கும். நேத்து வெந்நி ஒத்தும்போது வலது கால இழுத்துச்சு. என் கையில பட்டுச்சு. நான் சொன்னா தொரை நம்ப மாட்டேங்குறாரு. நீ பாசத்துல சொல்றேங்குறாரு."

"டாக்டர்கிட்ட சொல்றதுதான?"

"அவரு அடுத்த வாரந்தான் வராராம், பஸ் கெட்டுக் கெடக்குதாம். உன் டேப்பத்தான் தொரை நம்புறாரு. ஒருவேள கொறஞ்சிருந்தா... கொஞ்சம் கூட்டிச் சொல்லு. ஒரே ஒரு வாரம். நான் உன் கால்ல வுழுறேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. நாய் உயிரை என் தலையில் கொண்டுவந்து வைக்கிறார்களே என்று கோபம்.

"அதெல்லாம் ஆவாது. சாமியாரா இருந்தாலும் நாயா இருந்தாலும் உள்ளதத்தான் சொல்லுவேன். என் டேப்பு இதுவரைக்கும் யாருக்கும் கூட்டியோ கொறச்சோ சொன்னதில்ல."

"தப்பாச் சொல்லியிருந்தா உனக்குத் தெரியவா போவுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பட்லர் அடுப்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

துரை நோட்டும் பென்சிலுமாக நின்றார். "எல்லா அளவும் எடு" என்றார். தொடை மட்டும் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தாலும், இஞ்சினியர் ஆயிற்றே, பழைய கணக்கில் எத்தனை வரி இருந்ததோ அத்தனையும் வேண்டும். ஆயா நாயைப் பிடித்துக்கொண்டாள். கச்சையை அவிழ்த்துவிட்டு அளந்தேன். நீளம் பதினேழு. உயரத்தை, நாய் படுத்தபடியே அதன் காலை நீட்டி அளந்து, எட்டரை என்று சொன்னேன். கழுத்து பதினொன்றரை. மார்பு பதினேழே முக்கால். கடைசியாகத் தொடை. எட்டே முக்கால், அதற்கும் ஒரு நூல் குறைவு. எங்கள் கணக்கில் ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பாகம்.

துரை பழைய பக்கத்தைத் திருப்பி, தொடைக்கு நேராக விரலை வைத்தார். ஒன்பதரை எங்கே, எட்டே முக்காலுக்கும் கீழே எங்கே. கால் இஞ்சு வரைக்கும்தான் பொறுக்கலாம் என்று டாக்டர் சொன்னது. இங்கே முக்கால் இஞ்சுக்கு மேல் போயிருந்தது.

"திங்கட்கிழமை காலையில்" என்றார். ஆயாவைப் பார்க்காமல் சொன்னார். பிறகு அவிழ்த்துவைத்திருந்த கச்சையை என் பக்கம் தள்ளினார். "இது இனி வேண்டாம். துணியை நீ வைத்துக்கொள்."

ஆயா அழவில்லை. நாயின் காதை ஈ மொய்க்காமல் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை கண்டுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் மிஷினைத் தொடுவதில்லை. ஆனால் பிரிப்பது தைப்பதாகாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். கச்சையைப் பிரித்தால் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு ஒரு சட்டை தேறும். பாதி பிரித்ததும், குழந்தை அளவுக்கு எவ்வளவு துணி மிஞ்சும் என்று பார்க்க நோட்டைத் திறந்தேன். நாயின் அளவுகள் இரண்டு பக்கமும் எதிரெதிராக இருந்தன.

முதலில் கண்ணில் பட்டது மார்பு. பதினெட்டரை பதினேழே முக்காலாக ஆகியிருந்தது. நரம்பு செத்தால் தொடை வற்றும், சரி. மார்பு ஏன் வற்ற வேண்டும்? முன்னங்கால் நன்றாகத்தானே இருக்கிறது. படுத்த இடத்தில் பாலும் முட்டையும் தின்கிற நாய், பெருத்தால்தானே நியாயம்? கழுத்தைப் பார்த்தேன். பன்னிரண்டே கால், பதினொன்றரை. அதிலும் முக்கால் இஞ்சு. சுற்றி அளந்தது எல்லாமே முக்கால் இஞ்சு குறைந்திருந்தது. நேராக அளந்த நீளமும் உயரமும் மட்டும் அப்படியே இருந்தன.

டேப்பை எடுத்து என் இடது கையைச் சுற்றி, விரல் கொடுத்து அளந்தேன். விரலை உருவிவிட்டு அளந்தேன். முக்கால் இஞ்சு வித்தியாசம்.

தைக்கிறவன் உடம்பைச் சுற்றி அளக்கும்போது டேப்புக்கு அடியில் ஒரு விரல் கொடுப்பான். உடம்புக்கும் துணிக்கும் நடுவில் மூச்சுவிட இடம் வேண்டுமே. யோசித்துச் செய்வதில்லை, கையே செய்யும். முதல் நாள் நான் அளந்தது கச்சை தைக்க. கை விரலைக் கொடுத்தது. சனிக்கிழமை தைக்க ஒன்றும் இல்லை, உடம்பு அளவு மட்டும்தான் வேண்டும். கை விரலைக் கொடுக்கவில்லை. சாமியார்கள் முதல் குழந்தைகள்வரை எத்தனை பேருக்கு அளந்திருப்பேன். தைக்கப் போகாத உடம்பை அதற்கு முன் நான் அளந்ததே இல்லை. அதனால் அதுவரை இந்தத் தப்பு எனக்கு நேரவே வழியில்லாமல் இருந்தது.

முக்கால் இஞ்சு என் விரல். நாயின் தொடையில் உண்மையாகக் குறைந்தது ஒரு நூல். கால் இஞ்சில் பாதி.

உடனே எழுந்து ஓடினேன் என்று எழுத ஆசைதான். ஓடவில்லை. உட்கார்ந்திருந்தேன். நாய்தானே என்று நினைத்தேன். ஊரில் மனுஷன் அம்மணமாகக் கிடக்கிறான், ஒரு நாய்க்காகத் துரையிடம் போய் எனக்கு அளக்கத் தெரியாது என்று சொல்ல வேண்டுமா? சொன்னால் பட்லர் வாய் சும்மா இருக்குமா? அளவு தப்பினவன் என்று பேர் வந்தால், கண்ட்ரோல் காலத்தில் ஒரு கஜம் துணி வாங்கினவன் என்னிடம் கொடுப்பானா? இப்படி எல்லாம் நினைத்துக்கொண்டே வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தேன். எதிர்க் கடைத் தையற்காரர் குளிக்கப் போகிற வழியில் நின்றார்.

"என்னப்பா, நாயி சட்டையப் பிரிக்கிற? அளவு பத்தலைன்னு நாயி திருப்பி அனுப்பிடுச்சா?"

அவர் சும்மா வேடிக்கைக்குத்தான் கேட்டார். எனக்குக் காதில் அறைந்ததுபோல் இருந்தது. தப்பான அளவில் தைத்த சட்டையை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. தப்பினால் என் துணியைப் போட்டு மறுபடி தைத்துக் கொடுத்திருக்கிறேன். நாளைக் காலையில் அந்தத் துப்பாக்கி வெடித்துவிட்டால் எதைப் போட்டுத் தைப்பது? நோட்டையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போகிறது, போகிறது, முடியவே இல்லை. அன்றைக்குப் பார்த்து அத்தனை வேகன்.

பங்களா வாசலில் பட்லர்.

"என்ன டெய்லரே, ஞாயித்துக்கெழமை?"

"தொரையப் பாக்கணும்."

"டீ சாப்புடுறாரு. நாளைக்கி வா."

"நாளைக்கி வந்து எழவுத் துணி தைக்கவா? வழிய வுடு."

சத்தம் கேட்டுத் துரை வெளியே வந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "தொரை, அளவு தப்பு. நாய் தொடை வத்தல" என்றேன்.

அவர் முகம் மாறியது. நான் நினைத்த மாதிரி மாறவில்லை.

"ஆயா அனுப்பினாளா?"

"இல்லீங்க."

"கூட்டிச் சொல்லச் சொன்னாள். பட்லர் என்னிடம் சொல்லிவிட்டான். நேற்று முடியாது என்றாய். இன்றைக்கு எவ்வளவு கொடுத்தாள்?"

வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் ஒரு வெள்ளைக்காரனை அடிக்க எனக்குக் கை எழுந்தது. அடிக்கவில்லை. நோட்டை விரித்து அவர் முன்னால் நீட்டினேன்.

"தொடைய வுடுங்க. மார்பப் பாருங்க. கழுத்தப் பாருங்க. எல்லாத்துலயும் முக்கா இஞ்சு. நீளத்துல மட்டும் இல்ல. நாயி சுத்தளவுல மட்டும் ஒரே மாதிரி எளைக்குமா? எளைச்சது நாயி இல்ல. என் வெரலு."

தமிழில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. எண்கள் புரிந்தன. அந்த மனுஷன் ஆயுசு முழுக்கச் சங்கிலி போட்டுப் பூமியை அளந்தவர். மூன்று வரியையும் பார்த்தார். தன் நோட்டைக் கொண்டுவரச் சொல்லி ஒப்பிட்டார். பிறகு என் டேப்பைப் பிடுங்கித் தன் மணிக்கட்டைச் சுற்றினார். விரலோடு ஒரு தடவை, விரல் இல்லாமல் ஒரு தடவை. நேராகப் பின்கட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

ஆயா பெட்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்தவள் எழுந்து, நாயை மறைத்துக்கொண்டு நின்றாள். நாளைக்கு என்றவர் இன்றைக்கே வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

"தள்ளு. அளக்க வேண்டும்" என்றார் துரை.

"என் விரல்தான் வேணும் தொரை, உங்க விரல் தடிமன்" என்றேன். என் விரலைக் கொடுத்தேன், டேப்பை அவர் பிடித்தார். விரலோடு தொடை ஒன்பதரைக்கு ஒரு நூல் குறைவு. முதல் நாள் அளவுக்கு இன்றைய அளவு அவ்வளவுதான் வித்தியாசம். அவர் டேப்பை விட்டுவிட்டு, நாயின் வலது பின்னங்கால் விரலை நகத்தால் அழுத்தினார். கால் இழுத்தது. கொஞ்சம்தான். ஆயா சொன்னது அதுதான், இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

துரை எழுந்து என்னை இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொன்னார். பிறகு எனக்குப் புரியட்டும் என்று தமிழிலும் சொன்னார். முட்டாள். என் ஆட்களில் ஒருவன் இப்படி அளந்தால் பாலம் விழும், அன்றைக்கே வேலையிலிருந்து துரத்திவிடுவேன் என்றார். நான் நின்று கேட்டுக்கொண்டேன்.

"கச்சை எங்கே?" என்றார்.

பாதி பிரித்துவிட்டேன் என்றேன். அதற்கும் திட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் அன்று மாலையே மிஷினில் உட்கார்ந்து மறுபடி தைத்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சட்டை இல்லாமல் போயிற்று. அதன் அம்மாவிடம் துணி தருகிறேன் என்று சொல்லியும் வைத்திருந்தேன்.

அதன் பிறகு வாரம் ஒரு தடவை போய் அளந்தேன். துரை பக்கத்தில் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். திருடன் கையைப் போலீஸ்காரன் பார்ப்பதுபோல் பார்ப்பார். நாலாவது வாரம் நாய் தானாக மூத்திரம் போனது. ஆயா அந்த ஈரத் துணியை வராந்தாவில் எல்லோருக்கும் தெரியும்படி உலர்த்தினாள். ஆறு வாரம் முடிந்து டாக்டர் வந்து, பாயை விரித்து நாயை இறக்கிவிடச் சொன்னார். முன்னங்காலை ஊன்றியது. பின்பக்கம் ஆடியது. இடது பக்கம் சாய்ந்து விழுந்தது. மறுபடி எழுந்து நாலு அடி நடந்தது. குடித்தவன் நடக்கிற மாதிரி, முன்னால் ஒரு திசை, பின்னால் ஒரு திசை.

"இதுக்கு மேல இதுகிட்ட எதிர்பாக்காதீங்க" என்றார் டாக்டர். "படி ஏறக் கூடாது, குதிக்கக் கூடாது. ஒரு தடவ பிதுங்கினது இன்னொரு கணுவுலயும் பிதுங்கும். தூக்கித்தான் எறக்கணும்."

துரைக்கு அன்று சந்தோஷம். பட்லர்கூடச் சிரித்தான். ஆயா என்னைப் பார்த்தாள்.

"வா தையக்காரரே, நிக்கிறது நெசமான்னு அளந்து பாத்துச் சொல்லு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால் கண்ட்ரோல் கடையில் கொஞ்சம் துணி வந்தது. ஒரு நாள் ஆயா கடைத்தெருவுக்கு வந்தாள். நாயைக் கைப்பிள்ளைபோல் இடுப்பில் வைத்திருந்தாள். அக்குளில் ஒரு ரவிக்கைத் துணி. இத்தனை நாள் அவளுக்கு ரவிக்கை தைத்தவன் நான்தான். அவள் என் மிஷினைத் தாண்டி நேராக எதிர்க் கடைக்குப் போனாள். எதிர்க் கடைக்காரருக்கே ஆச்சரியம்.

"என்ன ஆயா, ஒங்காளு அங்க இருக்காரே?" என்று கேட்டார்.

"நாய்க்கு அளவு தப்புனா நாயிதான் சாவும்" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. "எனக்கு ரவிக்கை தப்புனா துணிக்கு நான் எங்க போவேன்?"

கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. நாய் அவள் இடுப்பிலிருந்து என்னைப் பார்த்துக் குரைத்தது. நான் தலையைக் குனிந்து ஒரு பழைய காலரைத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதில் தப்பு இல்லை.